மறைந்த ப்ளூஸ் கிட்டாரிஸ்ட்டின் 38 கேசட், 5 ஸ்பூல்: தொகுப்பாகக் கொண்டுவர எங்கே ஆரம்பிப்பது?

மிளகுக்கொடி (ஏற்காடு):

வணக்கங்க. இங்க காலமான ஒரு ப்ளூஸ் கிட்டாரிஸ்ட்டோட பதிவுகள் ஒரு தகரப் பெட்டியில இருக்கு. எதுவும் வெளிய வந்ததில்லை. 12 பாட்டுக்குள்ள ஒரு தொகுப்பா கொண்டுவரணும்னு குடும்பத்தார் விரும்பறாங்க. அவங்க சம்மதிச்ச பிறகு பேரைப் போடறேன்.

பெட்டியில இருக்கிறது: கேசட் 38 (பெரும்பாலும் டிடிகே டி-90, கொஞ்சம் மெல்ட்ராக் 60, சி-120 ரெண்டு), 7 இஞ்ச் ஸ்பூல் (சக்கரத்துல சுத்தின திறந்த டேப்) 5. உறைமேல எழுதின தேதி 1983-ல இருந்து 1994 வரைக்கும் போகுது. சில கேசட்டுல டேப் ஓரம் வெள்ளையா பூத்திருக்கு. ஒண்ணை ஓட்டினா கேட்குது, ஆனா கம்பளிக்குள்ள இருந்து வர்ற மாதிரி மந்தம். பல பாட்டோட சுருதி ஈ-க்கும் (E) ஈ ஃப்ளாட்டுக்கும் (அதுக்கு அரை ஸ்வரம் கீழ) நடுவில நிக்குது. ஒரு பாட்டில சுருதி போகப் போக ஏறிக்கிட்டே போகுது. ஸ்பூல் ஒண்ணுல இடது பக்கம் பாட்டும் வலது பக்கம் புரியாத உளறலும் வருது.

கையில ஒரு பழைய கேசட் டெக், ஒரு ஸ்பூல் ப்ளேயர், ரெண்டு சேனல் யூஎஸ்பி இண்டர்ஃபேஸ் இருக்கு. சேலத்துல ஒரு கடையில எல்லாத்தையும் எம்பி3 ஆக்கி, இரைச்சலையும் எடுத்துத் தர்றோம்ங்கறாங்க. குடுக்கலாமா?


அஞ்சுரோடு (சேலம்):

குடுக்காதீங்க. எம்பி3 கடைசியில ஃபோன்ல கேட்கறதுக்கு. இரைச்சல் எடுக்கறதும் கடைசி வேலைதான், அதை முதல்ல செஞ்சா சுருதியைக் கண்டுபிடிக்கிற தடயமும் சேர்ந்தே போயிடும். அதை வேற யாராவது விளக்குவாங்க, நான் டேப்புக்கு வர்றேன்.

வெள்ளையா பூத்திருக்கிறது பூசணம். இனிமே அந்தக் கேசட்டை ஓட்ட வேண்டாம். ஹெட்டுலயும் (டேப்பைப் படிக்கிற பாகம்) பிஞ்ச் ரோலர்லயும் (டேப்பை இழுக்கிற ரப்பர் உருளை) ஒட்டிக்கிட்டு அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் பரவும். பூத்ததையும் பூக்காததையும் தனித்தனியா பிரிங்க. பூத்ததை இறுக்கமா மூடற எவர்சில்வர் சம்படத்துல போட்டு, அரை கிலோ சிலிக்கா ஜெல் துணியில முடிஞ்சு வைங்க. நிறம் மாறற ரகமா வாங்குனா எப்ப ஈரம் குடிச்சுத் தீர்ந்ததுன்னு தெரியும். மாறினதும் வறுத்து மறுபடி வைங்க. ரெண்டு வாரம் போதும். பூசணம் காஞ்சு பொடியான பிறகு வெளியில, காத்தோட்டத்துல, முகக்கவசம் போட்டுக்கிட்டு மென்மையான பிரஷ்ஷால ஓரத்தைத் தட்டி எடுங்க. ஈரமா இருக்கும்போது தேய்ச்சா டேப்போட அப்பிக்கும்.

மலையிலிருந்து கீழ கொண்டு வர்றதா இருந்தா ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த பெட்டியை 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலம் வெக்கையில திறந்தீங்கன்னா டேப்மேல பனி படியும். மூடி திறக்காம ஒரு ராத்திரி அப்படியே விடுங்க. சித்திரை வெயில்ல காருக்குள்ள மட்டும் விட்டுடாதீங்க, கேசட்டோட பிளாஸ்டிக் ஓடு வளைஞ்சிடும்.

மந்தமா கேட்கறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். கேசட்டை முன்பக்கமா திருப்பிப் பாருங்க: நடுவுல செம்புத் தகட்டுமேல ஒரு குட்டி கம்பளித் துண்டு இருக்கணும், அதுதான் டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கும். 30, 40 வருஷத்துல பசை காஞ்சு அது விழுந்திருக்கும். அப்படின்னா டேப்பை வேற ஓட்டுக்கு மாத்தணும். 5 ஸ்க்ரூ போட்ட காலிக் கேசட் ஒண்ணைத் தியாகம் பண்ணுங்க. மெல்ட்ராக் ஓடு ஸ்க்ரூ இல்லாம ஒட்டின ரகமா இருந்தா இணைப்புக் கோட்டுல மெல்லிய பிளேடு வச்சு நெம்பணும், உள்ள ஆழமா விடக் கூடாது.

அந்தக் கம்பளித் துண்டு சரியா இருந்தும் மந்தம்னா அஸிமுத், அதாவது ஹெட்டோட சாய்வுக் கோணம். அவர் பதிஞ்ச மெஷின்ல ஹெட் ஒரு கோணத்துல இருந்திருக்கும், உங்க டெக்குல வேற கோணம். ஹெட்டுக்குப் பக்கத்துல ஸ்ப்ரிங் போட்ட ஸ்க்ரூ இருக்கும். காந்தம் ஏறாத வாட்ச் ஸ்க்ரூடிரைவர் எடுத்து, ரெண்டு சேனலையும் மோனோவா சேர்த்துக் கேட்டுக்கிட்டே கால் சுத்து, கால் சுத்தா திருப்புங்க. சிம்பலும் கம்பி கிள்ளற ஓசையும் பளிச்சுன்னு திறக்கற இடத்துல நிறுத்துங்க. ஒவ்வொரு கேசட்டுக்கும், ஏன் ஒவ்வொரு பக்கத்துக்கும், மறுபடி செய்யணும். அலுப்பான வேலைதான், ஆனா எந்த சாஃப்ட்வேர்லயும் இது திரும்பக் கிடைக்காது.

பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் ஃபைல். உச்சம் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு 2 ஜிபி ஆகும், உங்க 38 கேசட்டும் 120 ஜிபிக்குள்ள அடங்கிடும். ரெண்டு பிரதி எடுங்க, ஒண்ணு சேலத்துலயே இருக்கட்டும். ஏற்காட்டு ஈரம் ஹார்ட் டிஸ்க்கையும் விட்டுவைக்காது.

ஸ்பூல்ல வர்ற உளறல் கோளாறு இல்லீங்க. அது அரை ட்ராக் மோனோவா (ஒரு பக்கத்துக்கு டேப் அகலத்துல பாதி) பதிஞ்சது, உங்க ப்ளேயர் கால் ட்ராக் ஸ்டீரியோ (ஒரு சேனலுக்கு அகலத்துல கால்வாசி). இடதுல முதல் பக்கம், வலதுல ரெண்டாவது பக்கம் பின்னாலிருந்து முன்னால. ஒரே ஓட்டத்துல ரெண்டும் கிடைச்சாச்சு, வலது சேனலைப் பிரிச்சு கம்ப்யூட்டர்ல தலைகீழா திருப்பிக்கோங்க. தொகுப்புக்குத் தேர்வாகிற பாட்டை மட்டும் அப்புறம் அரை ட்ராக் மெஷின்ல எடுத்தா இரைச்சல் கொஞ்சம் குறையும்.

ஸ்பூல் ஓடும்போது கீச்சுன்னு சத்தம் வந்து ஹெட்டுல பழுப்புப் பசை அப்புச்சுன்னா உடனே நிறுத்துங்க. அதை உலர்ந்த சூட்டுல வைக்கலாம்னு (பேக்கிங்) படிச்சிருப்பீங்க: 54 டிகிரியில 8 மணி நேரம். பாலியஸ்டர் டேப்புக்கு மட்டும்தான் அது. ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. வெளிச்சம் ஊடுருவினா அசிடேட்ங்கற பழைய ரகம், சூடு காட்டவே கூடாது. வீட்டு கேக் அவன்ல எந்த டேப்பும் வேண்டாம், அதோட வெப்பம் 15 டிகிரி மேலயும் கீழயும் ஆடும். பழம் காயவைக்கிற டிஹைட்ரேட்டர் பரவாயில்லை.


பன்னிரண்டு பார்:

சுருதிக்கு வர்றேன். இதுதான் சிக்கலான இடம், அவசரப்பட்டா தொகுப்பு முழுக்கத் தப்பான ஸ்வரத்துல வெளிய வந்துடும்.

முதல்ல உங்க டெக்கோட வேகத்தைச் சரிபாருங்க. 3150 ஹெர்ட்ஸ் டெஸ்ட் கேசட் போட்டு, ஃபோன்ல ட்யூனர் ஆப் வச்சுப் பார்த்தா தெரியும். தப்பா காட்டினா, பல டெக்குகள்ல மோட்டார் பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள ஸ்க்ரூடிரைவர் விட்டுத் திருப்பலாம். வேகத்துல 1 சதவீதம் பிசகினா சுருதி 17 சென்ட் நகரும் (அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட்). 3 சதவீதம்னா அரை ஸ்வரத்துல பாதி, உங்களுக்கு ஈ-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவுல நிக்குதே, அதே அளவு.

டெக் சரின்னா தப்பு அவர் பதிஞ்ச மெஷின்ல. இதுக்கு வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஒரே யோசனை சொல்லும்: டேப்புல பதிவான கரண்ட் ஹம்மை (மின்சாரத்தால வர்ற கொர்ருங்கற ஓசை) அளந்து அதை 50 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவா. நம்ம ஊர்ல அந்த வருஷங்களுக்கு அதை நம்பாதீங்க. 80-கள்லயும் 90-கள்லயும் தென்னிந்திய மின்கட்டமைப்போட (கிரிட்) அதிர்வெண் சாயங்காலச் சுமையில 50-க்கு நல்லாவே கீழ போகும். உண்மையில 48.5-ல இருந்த ஹம்மை 50-ன்னு நினைச்சுத் திருத்தினா பாட்டு 53 சென்ட் மேல ஏறிடும். அப்ப சரியா இருந்த பாட்டையும் சேர்த்துக் கெடுத்தாச்சு.

இன்னொரு பொறி: நீங்க அளக்கிற ஹம் டேப்புல இருக்கிறதா, உங்க டெக்குல இருந்து வர்றதா? டேப்பை ஓடாம நிறுத்தி வச்சு (pause) 10 செகண்ட் பதிஞ்சு, எந்த அதிர்வெண்ல எவ்வளவு ஓசைன்னு காட்டற ஸ்பெக்ட்ரம் படத்துல பாருங்க. அதுல தெரியற கோடு உங்களோடது. ஓடும்போது புதுசா தெரியற கோடுதான் அவரோடது. அடிப்படையை அளக்காம 10-வது மடங்கை அளங்க, 485-ல தெரிஞ்சா 48.5. துல்லியம் பத்து மடங்கு கூடும்.

ப்ளூஸ்ல நம்பகமான சாட்சி மவுத் ஆர்கன். அதோட தகடு கூடக் குறைய ட்யூன் ஆகாது, கடையில வாங்கின சுருதிதான். ஈ-யில ப்ளூஸ் வாசிக்கறவங்க ஏ ஆர்கனை எடுத்து க்ராஸ்ஸா (ஆர்கனோட சொந்த சுருதியில இல்லாம ஈ-யில) ஊதுவாங்க. ஆர்கன் ஏ-யில உட்காரற வரைக்கும் வேகத்தைத் திருத்துங்க, கிட்டார் தானா வந்துடும். ஹார்மோனியம், பியானோ இருந்தாலும் சரி. ஸ்லைடு வாசிப்பை (கம்பிமேல குழாயை வழுக்கி வாசிக்கறது) வச்சு மட்டும் அளக்காதீங்க, திறந்த கம்பி (விரல் அழுத்தாதது) அடிக்கிற இடத்தைத் தேடுங்க. ப்ளூஸ்ல மூணாவது ஸ்வரம் மைனருக்கும் மேஜருக்கும் நடுவுல வேணும்னேதான் நிக்கும், அதைத் "திருத்தற" மென்பொருள் பக்கமே போகக் கூடாது.

ஆர்கனும் இல்லைன்னா கிட்டாரே அரை ஸ்வரம் இறக்கி வச்சதான்னு யோசிங்க. அமெரிக்க கிட்டாரிஸ்ட்டுகள் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் ஸ்டீவி ரே வானும் அப்படி வாசிச்சவங்க, அவங்களைக் கேட்டு வளர்ந்தவங்களும் இறக்கி வைப்பாங்க. பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனோட 1936, 37 பதிவுகளை வேகம் ஏத்தி வெளியிட்டாங்கன்னு ஒரு வாதம் ரொம்ப நாளா ஓடுது, கெட்டியான ஆதாரம் யாரும் காட்டலை. அந்தக் கதிக்கு ஆளாக வேண்டாம். திருத்தின அளவை பாட்டுக்குப் பாட்டு எழுதி வைங்க.

சுருதி ஏறிக்கிட்டே போற பாட்டு, பேட்டரி. பதியும்போது பேட்டரி இறங்கி மோட்டார் மெதுவாகும். அதை நாம சரியான வேகத்துல ஓட்டினா பாட்டு ஏறும். 30 செகண்டுக்கு ஒரு இடத்துல திறந்த கம்பியை அளந்து, வளைகோடா வேகத்தை இறக்குங்க.


மிளகுக்கொடி:

மவுத் ஆர்கன் மூணு கேசட்டுல இருக்குங்க! ஒரு உறையில "ஏ"-ன்னே எழுதியிருக்கு. ஹம்மை எப்ப எடுக்கறது அண்ணா? கிட்டார் நிக்கிற இடத்துல எல்லாம் கொர்ருன்னு ரொம்பக் கேட்குது.


பன்னிரண்டு பார்:

அளந்து முடிச்ச பிறகுதான். உங்க டெக்கோட ஹம்மை வேகம் திருத்தறதுக்கு முன்னாடி எடுங்க. திருத்தினா அந்தக் கோடும் கூடவே நகர்ந்திடும், பேட்டரிப் பாட்டுல அது வளைஞ்சே போகும். டேப்புலயே பதிஞ்ச ஹம் நேர்மாறு: பேட்டரிப் பாட்டுல வேகம் திருத்தின பிறகுதான் அந்தக் கோடு நேராகும், அப்புறமா எடுங்க. 50, 150-ஐ குறுகலா வெட்டலாம். 100-ல கை வைக்கும்போது கவனம்: தடிச்ச ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட் ஜி, 98 ஹெர்ட்ஸ். ஹம் 48.5-ல இருந்தா அதோட ரெண்டாவது மடங்கு 97. அகலமா வெட்டினீங்கன்னா அவர் ஜி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அடித்தொனி காணாமப் போகும்.


ஏழாவது ஃப்ரெட்:

இரைச்சலை 6 டெசிபலுக்கு மேல குறைக்காதீங்கன்னு நான் சொல்லுவேன். அதுக்கு மேல போனா சிம்பல் தண்ணிக்குள்ள அடிக்கிற மாதிரி ஆகும், வால்வ் ஆம்ப்போட சீறலும் செத்துடும்.

இன்னொரு விஷயத்தை யாரும் தொடலை: எதைச் சேர்க்கறது, எதை விடறது? டிரம்ஸ் சரியில்லைன்னு சேலத்துல ஒரு பையனை வச்சு மேல புதுசா வாசிக்க வச்சுடாதீங்க. 1975-ல ஹெண்ட்ரிக்ஸோட 'க்ராஷ் லாண்டிங்' அப்படித்தான் வந்தது: கூட வாசிச்ச பழைய ஆட்களை எடுத்துட்டு ஸ்டுடியோ ஆட்களைப் புதுசா வாசிக்க வச்சாங்க. ரசிகர்கள் இன்னும் மன்னிக்கலை. அதே தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ் 1994-ல ஹெண்ட்ரிக்ஸோட ப்ளூஸ் பதிவுகளை மட்டும் 11 பாட்டா தொகுத்தார், அது நிலைச்சிருச்சு.

ஸ்டீவி ரே வான் 1990 ஆகஸ்ட்ல ஹெலிகாப்டர் விபத்துல இறந்தார். 1984-ல இருந்து 89 வரைக்கும் மிச்சமிருந்த பதிவுகள்ல 10-ஐ அண்ணன் ஜிம்மி வான் தேர்ந்தெடுத்து 1991 நவம்பர்ல 'தி ஸ்கை இஸ் க்ரையிங்' வந்தது. பத்தே பத்து. 38 கேசட் இருக்கேன்னு 38-ஐயும் போட வேண்டாம்.

ஒரே பாட்டு ரெண்டு தடவை இருந்தா பக்கத்துல பக்கத்துல வைக்காதீங்க. ராபர்ட் ஜான்சனோட முழுத் தொகுப்பு 1990-ல வந்தப்ப 29 பாட்டு, 41 பதிவு, மாற்றுப் பதிவுகளை அடுத்தடுத்து வச்சிருந்தாங்க. ஆராய்ச்சிக்கு சரி, உட்கார்ந்து கேட்கறவனுக்கு அலுப்பு. கடைசியில போடுங்க. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவர் கம்பி ட்யூன் பண்றது, "ஒன் டூ" சொல்றது இருந்தா வெட்ட வேண்டாம்.


நாலாம் வகுப்பு வக்கீல்:

உரிமை பத்தி சுருக்கமா. கூட வாசிச்சவங்க எல்லார்கிட்டயும், இல்லைன்னா வாரிசுகிட்ட, எழுத்துல சம்மதம் வாங்குங்க. நம்ம சட்டத்துல கலைஞர் உரிமை வாசிச்ச வருஷத்துக்கு அடுத்த ஜனவரியில இருந்து 50 வருஷம். உங்க 1983 பதிவே 2033 முடியற வரைக்கும் உயிரோட இருக்கு. டேப்பைப் பதிஞ்சது வேற ஆள்னா அவர் சம்மதம் தனி.

பாட்டு அவரே எழுதினதா, யாரோடதாவதா, பாரம்பரியமா? மூணு பட்டியல் போடுங்க. இந்தியாவுல பாட்டோட காப்புரிமை எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும். அமெரிக்காவுல கணக்கே வேற, ஸ்ட்ரீமிங்ல போட்டா எல்லா நாட்டுக்கும் போகும். அதனால மத்தவங்க பாட்டுக்கு லைசென்ஸ் வாங்காம ஏத்தாதீங்க.


மிளகுக்கொடி:

எல்லாருக்கும் நன்றிங்க. சிலிக்கா ஜெல் வாங்கியாச்சு. கடைசியா ஒண்ணு: ஆர்கன் இருக்கிற ஒரு பாட்டு சி-120-ல, பி பக்கம் நடுவுல மாட்டிக்கிட்டிருக்கு. வேகமா ஓட்டி அங்க போகலாமா?


அஞ்சுரோடு:

கூடாதுங்க. சி-120 டேப் 9 மைக்ரான் தடிப்புதான், உங்க சி-90 12. வேகமா ஓட்டி சடார்னு நிறுத்தினா ஒண்ணு நீளும், இல்லைன்னா ரோலர்ல சுத்திக்கும். நீண்ட டேப்புல ஆர்கனும் சேர்ந்து ஊளையிடும், அப்புறம் அளக்க எதுவும் இருக்காது. ஏ பக்கத்தை ஆரம்பத்துல இருந்து ப்ளேயில விட்டு, அதையும் பதிஞ்சுக்கிட்டே ஒரு மணி நேரம் பொறுங்க. முடிஞ்சதும் திருப்பிப் போடுங்க.