கொளத்தூர் ஜீப்ரா மீனும் கருவில் துடிக்கிற இதயமும்

கொளத்தூர், ஆய்வாளர்:

டாக்டர் பட்டம் வாங்கியாச்சு, இன்னும் என்ன படிப்பு? சென்னையில் எங்கள் கொளத்தூருக்கு வரும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுவார்கள். போஸ்ட்டாக் என்பது படிப்பு இல்லை. பட்டம் முடித்தவர் வேறொரு ஆய்வகத்தில் சேர்ந்து, சில வருடங்கள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உழைப்பது. என் கேள்வி, கருவில் இதயம் எப்படி உருவாகிறது என்பது. அதைப் பார்ப்பது ஜீப்ரா மீனில்.

"நம்ம தெரு வண்ணமீன் கடையில கவர்ல போட்டுத் தர்றாங்களே, அதுவா?" என்பார்கள். அதுவேதான். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன். 1970களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் என்ற ஆய்வாளர் இதை ஆய்வுக்கு எடுத்தார். முட்டை தாயின் உடம்புக்கு வெளியே வளர்கிறது, கருவும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. எதையும் வெட்டாமல் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம்.

முட்டை கருவுற்று ஒரு நாள் ஆகும்போது நுண்ணோக்கியில் பார்த்தால், இதயம் வெறும் குழாயாகத்தான் இருக்கும். முதலில் ஒழுங்கில்லாமல் ஒரு துடிப்பு, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று. அப்புறம் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை அலையாக ஓடும். மறுநாளுக்குள் குழாய் வளைந்து, மேலறை, கீழறை என்று இரண்டு அறை பிரிந்திருக்கும். ரத்த அணுக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தக் கரு அவ்வளவு சிறியது என்பதால், தண்ணீரிலிருந்தே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடிக்காவிட்டாலும் சில நாள் உயிரோடு இருக்கும். எலிக் கருவில் இதயம் பழுதானால் கருவே அழிந்துவிடும். இங்கே பழுது எப்படிப் போகிறது என்று பின்தொடர முடிகிறது.

போன முறை வந்தபோது ரெட்டேரி பக்கம் ஒரு பண்ணைக்குப் போனேன். முட்டைத் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பியிருந்தார் அண்ணன். தாய்மீனே முட்டையைத் தின்றுவிடாமல், அது இடுக்கில் விழுவதற்காக. ஆய்வகங்களிலும் கோலிக்குண்டு போட்டு முட்டை எடுத்ததுண்டு. பூஞ்சை வராமல் இருக்க அவர் விடும் மெத்திலீன் ப்ளூவைத்தான் நாங்களும் துளி விடுகிறோம்.

கொளத்தூர், மீன் பண்ணை:

பாப்பா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். மார்கழியில் முட்டை பொரிக்க லேட்டாகும். தண்ணி குளுந்துட்டா எல்லாமே தள்ளிப்போகும். உங்க நாள் கணக்கெல்லாம் எந்தச் சூட்டுக்கு? என் பையன் ப்ளஸ் டூ பயாலஜி படிக்கிறான். நல்ல முட்டையையும் வெளுத்துப்போன முட்டையையும் தூரத்திலிருந்தே பிரிச்சிடுவான். இதெல்லாம் படிக்க முடியுமா?

வியாசர்பாடி, ஓர் அம்மா:

என் பொண்ணுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் ஆகி இப்போது நன்றாக ஓடியாடுகிறாள். ஆனால் அவள் பிறந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. மாசமா இருந்தப்ப கிரகணத்தில் வெளியே போனியா, பப்பாளி சாப்பிட்டியா, வெயிட் தூக்கினியா என்று. இப்போது இரண்டாவது உண்டாகியிருக்கிறேன். தங்கச்சி, உங்க மீனுக்கும் இந்த மாதிரி ஓட்டை வருமா? எதனால் வருகிறது என்று தெரியுமா?

கொளத்தூர், ஆய்வாளர்:

அண்ணா, 28.5 டிகிரி செல்சியஸ் கணக்கு அது. சூடு குறைந்தால் எங்கள் அட்டவணையும் தள்ளித்தான் போகும். தம்பி விலங்கியலோ பயோடெக்னாலஜியோ எடுத்து, எம்.எஸ்சி. முடித்து, ஆராய்ச்சிக்கு வரட்டும். முட்டை பிரிக்கத் தெரிந்த கை பெரிய மூலதனம்.

அக்கா, மீனுக்கு இரண்டு அறைதான். வலது, இடது என்று பிரிக்கும் சுவரே இல்லாததால் அந்த ஓட்டை அதற்கு வராது. ஆனால் இதயத்தைக் கட்டும் மரபணுக்களில் பலவும் நமக்கும் மீனுக்கும் பொது. டிபிஎக்ஸ்5 என்று ஒன்று இருக்கிறது. மனிதரில் அது பழுதானால் கை எலும்பில் குறை வரும், பலருக்கு இதயச் சுவரில் ஓட்டையும் வரும். அதே மரபணு பழுதான மீனுக்கு முன்துடுப்பு இல்லை, இதயம் வளையாமல் நூல் மாதிரி நீண்டுவிடுகிறது. உங்கள் பெண்ணுக்கு இதுதான் என்று சொல்லவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்ன காரணம் என்று சுட்ட முடிவதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கரு உருவானதிலிருந்து 22 நாள் வாக்கில் அதன் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது உண்டாகியிருப்பதே பல பெண்களுக்குத் தெரியாது. எட்டாவது வாரத்துக்குள் நான்கு அறையும் பெரும்பாலும் உருவாகிவிடும். கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் இதில் வேலையே இல்லை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா அம்மை, சில மாத்திரைகள், இவைதான் ஆபத்தைக் கூட்டுபவை. பிறக்கும் நூறு குழந்தையில் ஏறக்குறைய ஒன்றுக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை அக்கா.

முதல் குழந்தைக்கு இருந்ததை டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 18லிருந்து 24 வாரத்துக்குள் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் ஏதாவது புரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.