பதில்: மெரிசம், தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஊரில் இல்லாததால் இன்றுதான் இந்த இழையின் எல்லா மடல்களையும் உட்கார்ந்து படித்தேன். இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: இரண்டு ஓரங்களைச் சொல்லி முழுவதையும் குறிக்கிற வழக்குக்கு விவிலிய ஆய்வில் மெரிசம் என்று பெயர். 'பகுப்பு' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்னும்போது படைத்தவை இரண்டு என்று யாரும் எண்ணிக்கொள்வதில்லை. அண்டம் முழுவதற்கும் ஒற்றைச் சொல் வைத்திராத பழைய எபிரேயம் மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

> இதற்குத் தனிச்சொல் அவசியமா? அடைப்பில் விளக்கம் கொடுத்தால் போதாதா?

அவசியம் என்றுதான் நினைக்கிறேன். போன மாதம் எங்கள் சபையில் ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம் படித்தோம். கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிற பெண் ஒருத்தி, "நன்மை தீமை தெரிஞ்சுக்கிறதுல என்ன தப்பு? வீட்ல தினமும் அதைத்தானே சொல்லித் தர்றாங்க" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஏதேன் தோட்டத்தில் கடவுள் உண்ணக்கூடாது என்று விலக்கிய "நன்மை தீமை அறியத்தக்க விருட்சம்" என்பதை ஒழுக்கப் பாடமாக மட்டும் படித்தால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காது. 2 சாமுவேல் 14-ஐ எடுத்துக் காட்டினேன். தெக்கோவா ஊர்ப் பெண் தாவீதிடம் பேசும்போது, 17-ஆம் வசனத்தில் ராஜா தேவதூதனைப் போல நன்மையையும் தீமையையும் கேட்டறிகிறவர் என்கிறாள். மூன்று வசனம் தள்ளி அதே தேவதூதன் ஒப்புமையோடு, நடக்கிறதையெல்லாம் அறிகிறவர் என்கிறாள். 'நன்மை தீமை' இருந்த இடத்தில் 'எல்லாம்' வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்படிப் பார்த்தால் ஏதேன் மரமும் எல்லாம் அறிகிற அறிவின் மரம், கடவுளுக்கே உரிய அறிவின் மரம் என்று ஒரு வாசிப்பு திறக்கிறது. எல்லா ஆய்வாளரும் இதை ஏற்பதில்லை என்பதையும் அவளிடம் சொன்னேன். ஆனால் இதற்குப் பெயர் என்ன என்று அவள் கேட்டபோது என்னிடம் தமிழில் ஒரு சொல் இல்லை. அதனால்தான் இந்த இழையில் எனக்கு இவ்வளவு ஆர்வம்.

இன்னொன்றையும் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். 1871 தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் ரெபெக்காளின் சகோதரன் லாபான் வருகிற இரண்டு இடங்கள். ஆதியாகமம் 24:50-இல் ரெபெக்காளைப் பெண் கேட்டு வந்த ஆபிரகாமின் ஊழியக்காரனிடம் அவனும் தகப்பன் பெத்துவேலும், இது கர்த்தரால் வந்த காரியம், "உமக்கு நாங்கள் நலம் பொலம் ஒன்றும் சொல்லக்கூடாது" என்கிறார்கள். நலம் பொலம்! என்ன அழகான தமிழ். மூலத்தில் 'தீமையோ நன்மையோ' என்றிருப்பதை, தமிழில் ஏற்கெனவே புழங்கிய ஒரு சோடியைக் கொண்டு அப்படியே பிடித்துவிட்டார்கள். நல்லதோ கெட்டதோ, நாங்கள் வாயே திறக்க முடியாது என்பது பொருள்.

ஏழு அதிகாரம் தாண்டி 31-க்கு வாருங்கள். லாபானின் மருமகன் யாக்கோபு மனைவி மக்களோடும் மந்தையோடும் சொல்லாமல் கிளம்பிவிட, அவன் ஏழு நாள் துரத்திக்கொண்டு கீலேயாத் மலைக்கு வருகிறான். சொப்பனத்தில் கடவுள் அவனை எச்சரிக்கிறார். எபிரேயத்தில் அது 'மித்தோவ் அத் ரா', அதாவது 'நன்மை முதல் தீமை வரை' எதுவும் பேசாதே. தமிழில் "நன்மையே அன்றித் தீமை ஒன்றும் பேசாதபடிக்கு" என்று ஆகிவிட்டது. இப்போது நல்லது பேசலாம், கெட்டதுதான் கூடாது என்று பொருள் திரும்பிவிட்டதல்லவா? மூலம் சொல்வது, அவன் விஷயத்தில் தலையிடாதே, அவ்வளவுதான். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, 24-இல் அவர்கள் செய்ததே அதற்குச் சாட்சி. ஆனாலும் இந்த வழக்குக்கு ஒரு பெயர் கையில் இருந்திருந்தால் 31-இலும் கண்ணில் பட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

சரி, இனி முன்மொழியப்பட்ட சொற்கள்.

முரண்தொடை வேண்டாம். அது செய்யுளில் முரண்பட்ட சொற்களைத் தொடுக்கிற அழகுக்குப் பெயர், அந்த முரண் முரணாகவே நிற்கும். இங்கே முரண் கரைந்து முழுமை ஆகிறது.

'இருமுனைமுற்று' சொன்ன ஐயாவின் சிந்தனை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் முற்று என்று முடிந்தாலே தமிழ் படித்தவர் மனம் வினைமுற்றுக்குப் போய்விடும். அதோடு எப்போதும் இரண்டுதான் என்றும் இல்லை. உபாகமம் 6:7-ஐப் பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நான்கு சொல்லி 'எந்நேரமும் எவ்விடத்திலும்' என்கிறது.

> எண்ணும்மை, முற்றும்மை என்று நம் இலக்கணத்திலேயே இருக்கிறதே?

அக்கா சொன்ன இது மிக அருகில் வருகிறது. எண்ணும்மை என்பது பலவற்றை அடுக்கி எண்ணுகிற 'உம்', முற்றும்மை என்பது எதையும் விடாமல் முழுவதையும் குறிக்கிற 'உம்'. 'வானத்தையும் பூமியையும்' வடிவத்தில் எண்ணும்மை, செய்கிற வேலையோ முற்றும்மையின் வேலை. விளக்கத்தில் இந்த வாக்கியத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். பெயராக வைக்கத்தான் முடியாது, ஏனென்றால் உம்மையே இல்லாமலும் இந்த வழக்கு வரும். "தாண் முதல் பெயெர்செபா மட்டும்" என்பதில் உம் எங்கே? வடக்கே எர்மோன் மலையடிவாரத்து ஊர் ஒன்று, தெற்கே பாலைநில ஓரத்து ஊர் ஒன்று, இரண்டையும் சொன்னால் இஸ்ரவேல் தேசம் முழுவதும் வந்துவிடுகிறது.

இதைப் படித்ததும் நம்மில் பலருக்குத் தொல்காப்பியத்துக்குப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் நினைவுக்கு வந்திருப்பார். "வடவேங்கடம் தென்குமரி ஆயிடைத் தமிழ்கூறு நல்லுலகத்து". அதே வடக்கு, அதே தெற்கு. ஒரே ஒரு வேறுபாடு, அவர் 'ஆயிடை' என்று நடுவையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். எபிரேய வரியில் அந்த ஆயிடை மறைந்து நிற்கிறது. இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சொல் கிடைத்தது.

எல்லைத்தொகை.

தொகை என்றால் மொத்தம். அப்புறம் இலக்கணத்தில் தொகை என்றால் ஏதோ ஒன்று தொக்கு, அதாவது மறைந்து, நிற்பது. வேற்றுமைத்தொகையில் உருபு தொக்கு நிற்கிறது, உம்மைத்தொகையில் உம் தொக்கு நிற்கிறது. எல்லைத்தொகையில் இரண்டு எல்லைக்கும் நடுவில் உள்ளதெல்லாம் தொக்கு நிற்கிறது. எல்லை இரண்டாக இருந்தாலும் நான்காக இருந்தாலும் பெயர் பொருந்தும்.

வரக்கூடிய மறுப்பு இரண்டு. ஒன்று, 'வானத்தையும் பூமியையும்' என்பதில் உருபும் உம்மும் வெளிப்படையாக நிற்க, அதைத் தொகை என்பது எப்படி? அன்மொழித்தொகையை நினைத்துப் பாருங்கள். 'பொற்றொடி வந்தாள்' (பொற்றொடி என்றால் பொன் வளையல்) என்பதில் மறைந்திருப்பது உருபு மட்டுமில்லை, அந்தப் பெண்ணே மறைந்திருக்கிறாள். சொல்லில் இல்லாத பொருளைத் தொகை என்ற பெயரால் சுட்டுவது நமக்குப் புதிதல்ல. அதோடு நாம் இங்கே பெயர் வைப்பது ஓர் அணிக்கு, தொடர் வகைக்கு அல்ல. இரண்டாவது, வங்கியில் கடன் எல்லை, காப்பீட்டுத் தொகை என்று புழங்கும் காதுக்கு இது பணக்கணக்கு போலக் கேட்கும் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். உண்மைதான். 'எல்லைத்தொகை அணி' என்று முதலில் ஒருமுறை எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

எது எல்லைத்தொகை, எது இல்லை என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை எளிது. சோடியை எடுத்துவிட்டு 'எல்லாம்', 'எங்கும்', 'எப்போதும்' போட்டுப் பார்ப்பேன். சங்கீதம் 139:2-இல் "என் உட்காருதலையும் என் எழுந்திருக்குதலையும்" என்ற இடத்தில் 'என் செயல் எல்லாவற்றையும்' என்று போட்டால் பொருள் நிற்கிறது. நீதிமொழிகள் 10:1-இல் ஞானமுள்ள மகனும் மூடனும் அப்படிச் சேர மாட்டார்கள், ஒருவன் ஒரு கரை, மற்றவன் மறு கரை. ஆனால் அதே வசனத்தில் முதல் வரிக்குத் தகப்பனும் இரண்டாம் வரிக்குத் தாயும் பிரிந்து போயிருக்கிறார்களே, அது என் வாசிப்பில் பெற்றோர் இருவரையும் சேர்த்துச் சொன்னதுதான். மூடனால் தாய் மட்டும் கலங்குவாள், தகப்பன் கலங்க மாட்டார் என்றா படிப்போம்? இப்படி இரண்டு வரியில் பிரிந்து வருவதையும் எல்லைத்தொகையில் சேர்க்கலாமா, தனியாக வைக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது, உங்கள் கருத்து வேண்டும்.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு இது:

எல்லைத்தொகை (அணி): ஒரு முழுமையின் எல்லைகளை மட்டும் சொல்லி, இடைப்பட்ட அனைத்தையும் உள்ளடக்கிக் குறிப்பது. எ-டு: நலம் பொலம்; தாண் முதல் பெயெர்செபா மட்டும்; வானமும் பூமியும்.

நலம் பொலத்தை முதல் எடுத்துக்காட்டாக வைத்தது வேண்டுமென்றேதான். "எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரே வரும்" என்று சொல்கிறவருக்கு இது வெளியிலிருந்து வந்த அணியாகத் தோன்றக் கூடாது. திருத்தம் இருந்தால் வரைவிலேயே கைவைத்து அனுப்புங்கள்.