560001-ஐ வகைப்படுத்தும்போது சறுக்கும் இடங்கள்

அல்சூர் கணேசன்:
பெங்களூரு ஜி.பி.ஓ.வின் பின்கோடு 560001. காரணிப்படுத்தல் சொல்லித்தர இங்கே இதைவிட வாகான எண் இல்லை. கடைசி இலக்கம் 1 என்றதுமே பிள்ளைகள் பகா எண் என்று எழுதிவிடுகிறார்கள். 560000 = 2⁷ × 5⁴ × 7. அடுத்தடுத்த எண்களுக்கு 1 தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே 2, 5, 7 வகுக்காது, அவ்வளவுதான். இலக்கங்களின் கூடுதல் 12, எனவே 3 வகுக்கும், ஈவு 186667.

அடுத்து 7, 11, 13 மூன்றையும் ஒரே கழித்தலில் பார்த்துவிடலாம், 1001 = 7 × 11 × 13 என்பதால். 186667-இன் கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து முதல் மூன்றைக் கழித்தால் 667 − 186 = 481 = 13 × 37. 13 வகுக்கும். 37-ஐயும் சேர்த்து எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் தப்பு. 37 என்பது 1001-இன் காரணி அல்ல, அதற்கு இந்தச் சோதனை செல்லாது. 186667 ÷ 13 = 14359.

ஜெயநகர் மீனா:
அந்த 14359-இல்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வர்க்கமூலம் 119.8, 113 வரையுள்ள பகா எண்களைப் பார்க்காமல் பகா எண் என்று முடிவு கட்டக் கூடாது. எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிப் பார்க்கும் ஃபெர்மா முறை இதற்கு அருமையாக வேலை செய்யும். 120²-இலிருந்து தொடங்கி ஒவ்வொரு வர்க்கத்திலும் 14359-ஐக் கழியுங்கள்: 41, 282, 525... ஒன்பதாவது முயற்சியில் 128² − 14359 = 2025 = 45². ஆகவே (128 − 45)(128 + 45) = 83 × 173.

இதே முறையை நேரே 560001-இல் போட்டால் 749-இலிருந்து 799 வரை 51 முயற்சி. சின்னக் காரணிகளை முதலில் உரித்துவிடுவது அதனால்தான்.

சிவாஜி நகர் ரஃபி:
மீனா அக்கா, 3 × 13 × 83 × 173 கையில் வந்த பிறகு வகைப்பாடு சுலபம். எந்தப் பகா எண்ணும் இருமுறை வரவில்லை, அதனால் வர்க்கக் காரணி இல்லாத எண். வகுத்திகள் 16. அவற்றின் கூடுதல் 4 × 14 × 84 × 174 = 818496; எண்ணையே கழித்தால் 258495. 560001-ஐவிடச் சிறியது, ஆகவே குறைவெண்.

இரு வர்க்கங்களின் கூடுதலா என்ற கேள்வியில் கவனம் வேண்டும். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் ஆம் என்று தோன்றும். அந்த விதி பகா எண்ணுக்கு மட்டும். இங்கே 3, 83 இரண்டும் மீதி 3 தருபவை, அடுக்கு ஒற்றைப்படை. எனவே எழுதவே முடியாது.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு: பகாத்தன்மைச் சோதனையில் 560001-ஆல் வகுத்த இரு மீதிகளைப் பெருக்கும்போது குறியுள்ள 32 பிட் முழு எண் போதாது. அதன் உச்சம் 2147483647. 46341-இன் வர்க்கமே அதைத் தாண்டும். பெருக்கல் மடிந்து எதிர்க்குறி மீதிகூட வரலாம், நிரல் பிழை காட்டாமல் தப்பான விடை தரலாம். பெருக்குவதற்கு முன்பே 64 பிட்டுக்கு மாற்றுங்கள். பெருக்கிய பிறகு மாற்றிப் பயனில்லை.