தென்னந்தோப்பில் பெயிண்ட்பால் களம் போடலாமா? நடத்துறவங்க சொல்லுங்க

பொள்ளாச்சிக்காரன்:

வணக்கமுங்க. ஆனைமலை ரோட்டுல எங்களுக்கு ரெண்டரை ஏக்கர் தோப்பு இருக்குங்க. தேங்காய் விலையை மட்டும் நம்பி உக்கார முடியல. வால்பாறைக்கும் டாப்சிலிப்புக்கும் போற கூட்டத்தை ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தற மாதிரி ஏதாச்சும் பண்ணலாம்னு இருக்கேன். மச்சான் பெங்களூர்ல கம்பெனி அவுட்டிங்ல பெயிண்ட்பால் ஆடிட்டு வந்தான். ரெண்டு டீமாப் பிரிஞ்சு, சாயம் நிரப்பின சின்ன உருண்டையைத் துப்பாக்கியில போட்டு ஒருத்தரை ஒருத்தர் சுடற ஆட்டமுங்க, மேல பட்டா அவுட். வந்ததுல இருந்து, "இருபது துப்பாக்கி, நாலு லோடு மணல் மூட்டை, பழைய டயர், அவ்வளவுதான்டா, காசு கொட்டும்"னு உசுப்பேத்திட்டே இருக்கான்.

எங்கப்பாரு ஒரே கேள்விதான் கேட்டாரு: "காசும் குடுத்து அடியும் வாங்க எவன்டா வருவான்?"

களம் நடத்தறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. துப்பாக்கிக்கு கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் நல்லதா, அழுத்தி அடைச்ச காத்து நல்லதா? வர்றவங்களால என்ன மாதிரி தலைவலி வரும்? பழைய சாமான் செட்டா ஒருத்தர் தர்றேன்னு சொல்றாரு, வாங்கலாமா?

---

மரக்காணம் மார்ஷல்:

தம்பி, முதல்ல அப்பாவுக்குப் பதில். வருவாங்க, வரிசையில நின்னு வருவாங்க. அடி வாங்க இல்ல, டீம் லீடரை அடிக்க. அப்ரைசல் முடிஞ்ச மாசம் எங்க களத்துக்கு வந்து பாருங்க. அந்த மனுஷன் கையைத் தூக்கி "அவுட்"னு கத்தின பிறகும் நாலு பக்கத்துல இருந்தும் விழும். விசிலை ஊதி ஊதி எங்க மார்ஷல் பையனுக்கு (களத்துல ரெஃப்ரீ மாதிரி நிக்கறவன்) வாய் வலிக்கும்.

நான் ஈசிஆர்ல மரக்காணத்துக்கிட்ட நடத்துறேன். சென்னைக் கூட்டமும் பாண்டிக் கூட்டமும் கலந்து வரும். ஐப்பசி, கார்த்திகையில களம் குளமாயிடும். வருமானம் நிக்கும், பசங்க சம்பளம் நிக்காது. உங்க பக்கம் ஆனி, ஆடியிலயே மழை பிடிச்சுக்குமே, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

மச்சான் சொன்ன துப்பாக்கி, மூட்டை, டயர் எல்லாம் சீக்கிரமா சேர்த்துடலாம். காசு குடுத்து வந்தவங்ககிட்ட காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும், சிரிச்ச முகத்தோட, "கூடாது"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். இந்தத் தொழில்ல முக்கால்வாசி வேலை அதுதான்.

மாஸ்க்ல இருந்து ஆரம்பிக்கிறேன். பெரியவங்க ஆடுற பால்ஸ் (சாய உருண்டை) 0.68 அங்குல விட்டம், எடை சுமார் 3 கிராம். நாங்க நொடிக்கு 280 அடிக்கு மேல போகாம செட் பண்ணி வெச்சிருக்கோம். வெளிநாட்டுக் களங்கள்லயும் 300 அடிக்கு மேல விட மாட்டாங்க. 280 அடின்னா மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல. தோள்ல பட்டா கன்னிப்போய் ஒரு வாரத்துல ஆறிடும். கண்ணுல பட்டா கண்ணு போயிடும்.

இதை விளக்கிச் சொல்லி, எல்லாரும் தலையாட்டி, உள்ள போய் அஞ்சு நிமிஷத்துல ஒருத்தர் மாஸ்க்கைத் தூக்கி வேர்வை துடைப்பாரு. "அண்ணா ரெண்டே செகண்டு." இன்னொருத்தருக்கு செல்ஃபி. ரொம்ப ஆபத்தானவர் யாருன்னா அவுட் ஆகி வெளிய நடந்து வர்றவர். அவருக்கு ஆட்டம் முடிஞ்சுடுச்சு, அதனால மாஸ்க்கும் முடிஞ்சுடுச்சுன்னு நினைப்பு. அவர் முதுகுக்குப் பின்னாடி மத்தவங்க இன்னும் சுட்டுக்கிட்டுதான் இருப்பாங்க. அவுட் ஆனவங்க வலையைத் தாண்டுற வரைக்கும் பின்னாடியே நடக்கறதுக்குன்னு ஒரு பையனைத் தனியா போட்டிருக்கேன்.

போன கோடையில ஒரு குரூப் லீடர் மூணாவது தடவையா மாஸ்க்கைக் கழட்டினாரு. மொத்த ஆட்டத்தையும் நிறுத்தி அவரை வெளிய கூட்டிட்டு வந்தேன். பணம் திருப்பித் தரல. அன்னிக்கு ராத்திரியே கூகுள்ல ஒத்தை ஸ்டார்: "திமிர் பிடித்த ஓனர்". அதை அழிக்கச் சொல்லி நான் யார்கிட்டயும் கேக்கல. அதைப் படிச்சுட்டு, "இங்கதான் சார் ரூல்ஸ் ஒழுங்கா இருக்கும்போல"ன்னு பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்த அம்மாக்கள் இருக்காங்க.

அடுத்தது பேரல் கவர். களத்தை விட்டு வெளிய வந்ததும் துப்பாக்கி வாய்ல அந்தத் துணி உறையை மாட்டணும். மாட்டாம தோள்ல போட்டுட்டு டீக்கடைப் பக்கம் வருவாங்க. கேட்டா, "ஹாப்பர் காலிண்ணா"ம்பாங்க. துப்பாக்கி மேல பால்ஸ் கொட்டி வைக்கற அந்த டப்பா காலிதான், ஆனா துப்பாக்கிக்குள்ள ஒரு பால் உக்காந்திருக்கும்.

குடிச்சுட்டு வர்றவங்களை கேட்லயே திருப்பிடுங்க. ரிசார்ட்ல இருந்து மதியம் மூணு மணிக்கு வர்ற குரூப்பை நான் வாசனை பார்க்காம உள்ள விடறதே இல்ல. பதினஞ்சு பேர்ல ரெண்டு பேர்தான் குடிச்சிருப்பான், ஆனா பில்லு கட்டுறவன் அவனாத்தான் இருப்பான்.

காலேஜ் பசங்க யூடியூப் பார்த்துட்டு பாக்கெட்ல ஆலன் கீ வெச்சுட்டு வருவாங்க. டிப்மன் 98 மாதிரி வாடகைத் துப்பாக்கியில பக்கவாட்டு ஸ்க்ரூவை ஒரு திருகு திருகினா வேகம் ஏறிடும். அதனால காலையில ஒரு தடவை குரோனோவுல (பால் போற வேகத்தை அளக்கற கருவி) அளந்துட்டு விட்டுடக் கூடாது. ஒவ்வொரு குரூப் உள்ள போறதுக்கு முன்னாடியும் அளக்கணும்.

இப்ப பேரம். என் டிக்கெட்டுல 40 பால்ஸ் சேர்த்தி. முதல் மூணு நிமிஷத்துல ஆகாசத்தைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துட்டு, "இன்னொரு பத்து சும்மா போடுங்கண்ணா"ன்னு நிப்பாங்க. நான் ஒரு கதை வெச்சிருக்கேன். 1981 ஜூன்ல அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் ஹெனிக்கர்னு ஒரு ஊர்க் காட்டுல 12 பேர் இந்த ஆட்டத்தை முதல்முதலா ஆடினாங்க. மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுற துப்பாக்கிதான் அப்ப கையில. ஜெயிச்சவர் காட்டு வேலை தெரிஞ்ச ஒருத்தர். கடைசி வரைக்கும் ஒரு பால் கூட சுடல, சத்தமில்லாம நடந்தே, காட்டுல எடுக்கறதுக்குன்னு வெச்சிருந்த எல்லா இடத்துக் கொடியையும் எடுத்துட்டாரு. இதைச் சொன்னா பாதிப் பேர் அசடு வழிஞ்சுட்டுப் போயிடுவாங்க. மீதிப் பேர் காசு குடுத்து வாங்கிக்குவாங்க. ரெண்டுமே நமக்கு நல்லது.

காசு குடுக்க மனசில்லாதவங்க தரையில கிடக்கறதைப் பொறுக்கி ஹாப்பர்ல போடுவாங்க. மண்ணோட போனா உள்ளேயே உடைஞ்சு துப்பாக்கி அடைச்சுக்கும். இல்லன்னா மணலும் சேர்ந்து அடுத்தவன் மேல போய் அடிக்கும். பொறுக்கினா அந்த ஆட்டத்துல அவுட்டுன்னு போர்டே வெச்சிருக்கேன்.

கேஸா காத்தான்னு கேட்டீங்களே. காத்துக்கே போங்க. கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரிக்கு மேல சிலிண்டருக்குள்ள திரவமா நிக்காது, அழுத்தம் எகிறும். நம்ம ஊர்ல சித்திரை மத்தியானம் என்ன வெயில்னு உங்களுக்கே தெரியும். காலையில நொடிக்கு 270 அடி காட்டின துப்பாக்கி மதியம் வேற நம்பர் காட்டும். வெயில்ல விட்ட சிலிண்டர்ல பாதுகாப்புத் தகடு வெடிச்சு சீறினா களமே தலைதெறிக்க ஓடும். காத்துச் சிலிண்டர்ல 3000 பி.எஸ்.ஐ. அழுத்தத்துல அடைச்சாலும் ரெகுலேட்டர் வழியா ஒரே அளவுலதான் வெளிய வரும். ஸ்கூபா ஆட்கள் வெச்சிருக்கற மாதிரி கம்ப்ரெஸ்ஸர் வேணும், விலை கடிக்கும். பஞ்சர் கடை கம்ப்ரெஸ்ஸர் இதுக்குப் பத்தாது. நிரப்புற வாய்ல எண்ணெய், கிரீஸ் படவே கூடாது. அந்த அழுத்தத்துல தீப்பிடிக்கும்.

பழைய செட்டு வாங்குறதுன்னா சிலிண்டர்ல அடிச்சிருக்கற தேதியைப் படிங்க. ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அடைச்சு அழுத்தம் தாங்குதான்னு பார்க்கறது) எப்ப ஆச்சுன்னு அதுல இருக்கும். கார்பன் ஃபைபர் சுத்தினதுன்னா பொதுவா 15 வருஷம்தான் ஆயுசு. தேதி சுரண்டியிருந்தா விலை பேசாதீங்க, எழுந்து வந்துடுங்க.

---

எச்ஆர் அக்கா:

நான் வாடிக்கையாளர் பக்கம். கோவையில ஒரு கம்பெனியில வருஷா வருஷம் அவுட்டிங் ஏற்பாடு பண்றது என் வேலை. ஓனருங்க கவனிக்காத சிலதைச் சொல்றேன்.

முதல்ல நாங்க பார்க்கறது பாத்ரூம். பெண்களுக்குத் தனியா, தாழ்ப்பாள் உள்ளதா, தண்ணி வர்றதா இருக்கணும். போன தடவை போன இடத்துல துப்பாக்கியெல்லாம் புதுசு, உடை மாத்திக்க மட்டும் ஒரு தார்ப்பாய் மறைப்பு. எங்க பொண்ணுங்க பாதிப் பேர் ஆடவே இல்ல. ஓவரால் குடுத்தாங்க, முந்தின குரூப்போட வேர்வை ஈரம் அதுலயே இருந்தது.

கழுத்துக் கவசமும் மார்புக் கவசமும் கேட்டா தர்றேன்னு சொல்லாதீங்க. எல்லாருக்கும் குடுத்துடுங்க. கூட்டத்துல நின்னு கேக்கக் கூச்சப்படுவாங்க. எங்க டீம்ல ஒருத்தர் தொண்டையில நாவல்பழம் கணக்கா ஒரு தழும்போட திங்கட்கிழமை கிளையண்ட் கால்ல உக்காந்திருந்தார்.

அப்புறம் ஒரு விஷயம். கர்ப்பமா இருக்கறவங்க, கண் ஆபரேஷன் பண்ணினவங்க, வெறுமனே பயப்படறவங்க எல்லாரும் குரூப்ல இருப்பாங்க. மேனேஜர், "என்னம்மா, டீம் ஸ்பிரிட் இல்லையா"ம்பார். அந்த இடத்துல ஓனர், "இவங்களுக்கு ஸ்கோர் போடற வேலை இருக்கு சார்"னு சொல்லிட்டா அவங்க மானம் தப்பிக்கும். நாங்க சொன்னா எடுபடாது, நீங்க சொன்னா களத்து ரூல்ஸ் ஆயிடும்.

ஜிஎஸ்டி பில் இல்லாம வராதீங்கன்னு சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கறேன்.

---

ஞாயிறு வீரன்:

மரக்காணம் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணைத் தவிர. மாஸ்க்கைக் கழட்டறவன் எல்லாம் திமிர்ல கழட்டறதில்ல. நான் ஆடின மூணு களத்துலயும் கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு எதிர்ல இருக்கறது ஆளா டயரான்னே தெரியல. கீறல் வேற. கண்ணு தெரியாதவன் என்ன பண்ணுவான்? 500 ரூபாய் வாங்கறீங்க, ஒத்தைக் கண்ணாடி மாஸ்க் தர்றீங்க. முதல்ல அதை மாத்துங்க, அப்புறம் விசில் ஊதுங்க.

---

மரக்காணம் மார்ஷல்:

வீரன் தம்பி கோபம் நியாயமானது. நம்ம காத்து ஈரத்துக்கு ஒத்தைக் கண்ணாடி ஆகாது. ரெண்டு அடுக்கு வெச்ச தெர்மல் லென்ஸ் வாங்கணும், விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. பொள்ளாச்சித் தம்பி, துப்பாக்கியில மிச்சம் பிடிச்சு இதுல போடுங்க. லென்ஸைத் துடைக்க ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கிற நீல ஸ்ப்ரேயை எடுத்துடாதீங்க. அதுல அம்மோனியா இருந்தா லென்ஸோட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கெட்டுப்போகும், வெளிய தெரியாது. தண்ணியும் மெல்லிசுத் துணியும் போதும். கீறல் விழுந்த லென்ஸைக் கழிச்சுக் கட்டுங்க. அதோட, கண்ணு மங்கினா மாஸ்க்கைத் தொடாம கையைத் தூக்கி "மார்ஷல்"னு கத்துங்க, பையன் வந்து வெளிய கூட்டிட்டுப் போவான், அவுட் கணக்கு இல்லைன்னு முன்னாடியே சொல்லிடுவோம். அப்படிச் சொல்ல ஆரம்பிச்சப்புறம் கழட்டறது நிறையக் குறைஞ்சது.

எச்ஆர் அம்மா சொன்ன ஸ்கோர் யோசனையை நான் நாளைக்கே எடுத்துக்கறேன்.

விட்டுப்போனது ஒண்ணு: மார்ஷல் பசங்க. வெயில்ல நாள் முழுக்க மாஸ்க்கோட நிக்கறவன் அவன். வர்றவங்க அவனையே குறி வெச்சு அடிச்சுட்டுச் சிரிப்பாங்க. "மார்ஷலை அடிச்சா அந்த டீமுக்கே தோல்வி"ன்னு விதி வெச்சதும் அவங்க டீம்காரனே அவனைத் திட்டறான், நமக்கு வேலை மிச்சம். நம்ம பையனை விட்டுக்குடுத்தீங்கன்னா அடுத்த வாரம் அவன் பரோட்டாக் கடைக்குப் போயிடுவான்.

---

பொள்ளாச்சிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அண்ணா, ரெண்டு சந்தேகம். தோப்புல நாலு மாடு, ரெண்டு நாய் இருக்குதுங்க. பெயிண்ட் விழுந்த புல்லை மாடு மேய்ஞ்சா ஒண்ணும் ஆகாதுங்களா? அப்புறம் காய்க்கிற மரத்துக்கு அடியில ஆடலாமுங்களா?

---

மரக்காணம் மார்ஷல்:

நல்ல வேளை கேட்டீங்க தம்பி. மனுஷனுக்கு அந்தச் சாயம் ஒண்ணும் பண்ணாது, வாய்ல பட்டாலும் கசக்கும், அவ்வளவுதான். மேல ஜெலட்டின் தோல், உள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலும் நிறமும். சட்டையில பட்டா தண்ணியில போயிடும். ஆனா உடையாம கிடக்கறதை நாய் இனிப்புன்னு நினைச்சு நாலஞ்சு முழுங்கினா வாந்தி, பேதி, உடம்புல உப்பு அளவு ஏறி நடை தள்ளாடி, உயிருக்கே வந்துடும். உடனே வெட்னரி டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும். ஆட்டம் நடக்கற பகுதிக்கு வேலி போட்டு நாயையும் மாட்டையும் அடியோட விலக்கிடுங்க. சாயங்காலம் கூட்டிப் பொறுக்காம கேட்டைப் பூட்டாதீங்க.

ஜெலட்டின்னதும் இன்னொண்ணு. அது விலங்கு எலும்பு, தோல்ல இருந்து வர்றது. சுத்த சைவக் குடும்பம் வந்து கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க. கேட்டவங்க ஒரு சிலர்தான், தெரிஞ்சதும் ஆடாம டீ குடிச்சுட்டுப் போனாங்க. பொய் சொல்லி ஆட விடறதுக்கு அது மேல். அந்த ஜெலட்டின்தான் ஈரத்தை இழுத்து ஊதும். ஊதினா பேரல்ல நுழையாம உள்ளேயே உடையும். பெட்டியை ஏசி ரூம்ல வைங்க, அப்பப்ப திருப்பிப் போடுங்க, ஒரே பக்கம் கிடந்தா தட்டையாயிடும். 2000 பால்ஸ் பெட்டி ஒண்ணு வீணானா அந்த வாரத்து லாபம் அதோட சரி.

காய்க்கிற மரத்துக்கு அடியில வேண்டாம். மாஸ்க் முகத்துக்குத்தான், மண்டைக்கு இல்ல. நெத்து விழுந்தாலும் மட்டை விழுந்தாலும் உங்க தலையிலதான் பழி விழும். காய் பறிக்கறவரை மாசா மாசம் ஏத்தறதைவிட, காய்ப்பு நின்ன கிழட்டு மரம் இருக்கற மூலையை எடுத்துக்குங்க. முக்கால் ஏக்கர் இருந்தா டீமுக்குப் பத்துப் பேர் வெச்சுத் தாராளமா ஆடலாம். ரோட்டுப் பக்கம் உயரமா வலை கட்டியே ஆகணும். அண்ணாந்து சுட்டா எண்பது, தொண்ணூறு மீட்டர் போகும். ஆனைமலை பஸ் கண்ணாடியில ஒண்ணு பட்டாலும் மறுநாள் ஸ்டேஷன்ல நிப்பீங்க. அதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஸ்டேஷனுக்குப் போய், துப்பாக்கியைக் காட்டி, என்ன நடக்கப் போகுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுங்க. தூரத்துல இருந்து பார்க்கறவனுக்கு அது நிஜத் துப்பாக்கி மாதிரிதான் தெரியும்.

தோப்பு படம் ரெண்டு போடுங்க, ரோடு எந்தப் பக்கம்னு குறிச்சு. மேல கரண்ட் கம்பி போகுதான்னும் சொல்லுங்க, வலைக் கம்பம் எங்க நடறதுன்னு அதைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்.