பிரைவேட் பேங்கிங் இன்டர்ன்ஷிப்: கடைசி வாரத்தில் 20 பேர் பட்டியல் கேட்கிறார்கள், பெரியப்பா பெயரை எழுதலாமா?

கடலோரக்காரி:

வணக்கம். எம்.பி.ஏ. முதல் வருடம் முடித்திருக்கிறேன், வீடு காசிமேடு. ஏப்ரல் நடுவில் இருந்து ஒரு வங்கியின் பிரைவேட் பேங்கிங் பிரிவில் இரண்டு மாத இன்டர்ன்ஷிப், இன்னும் ஆறு வேலை நாள்தான் பாக்கி. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யாராவது பதில் சொல்லுங்கள்.

மாதத்தைச் சொன்னாலே எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் புரிந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அப்பா துறைமுகத்தில் ஒரு லாஞ்சு ஓனருக்குக் கணக்கு எழுதுகிறார், படகு கரையில் நின்றால் அவருக்குப் பாதிச் சம்பளம்தான். இந்த இரண்டு மாதமும் என் ஸ்டைபண்டில்தான் வீட்டு மளிகை ஓடுகிறது. அதனால் வெறும் சர்ட்டிஃபிகேட்டுக்காக நான் அங்கே போகவில்லை, வேலை கிடைத்தால் உண்மையிலேயே பெரிய உதவி.

தெருவில் எல்லோரும் நான் "பிரைவேட் பேங்க்கில்" இருப்பதாகச் சொல்கிறார்கள். தனியார் வங்கி வேறு, பிரைவேட் பேங்கிங் வேறு. பெரிய பணக்காரக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள வங்கிக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவு இது. டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ஆர்.எம்., அதாவது ரிலேஷன்ஷிப் மேனேஜர், இருப்பார். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி தேனாம்பேட்டையில் இறங்கினால் ஆபீஸ், முதல் நாள் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். முதல் மூன்று வாரம் கே.ஒய்.சி., அதாவது வாடிக்கையாளரின் அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கும் வேலை மட்டும்தான். அப்புறம் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு குடும்பத்தின் எஃப்.டி., ஃபண்ட், பங்கு, பாண்டு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே எக்செல்லில் கொண்டுவரும் வேலை.

ஐந்தாவது வாரம் என் ஆர்.எம். மேடம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்கு என்னையும் கூட்டிப் போனார். கணவர் இறந்து மூன்று மாதம் ஆன ஓர் அம்மா. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே காகித ஷேர் சர்ட்டிஃபிகேட்டுகள், ஓரமெல்லாம் பழுப்பேறி, மடித்த இடத்தில் கிழிந்து. எல்லாம் அவர் கணவர் பெயரில், பலவற்றில் நாமினியே, அதாவது அவருக்குப் பிறகு வாங்கிக்கொள்ள எழுதி வைத்த ஆளே, இல்லை. மேடம் பையில் ஒரு பி.எம்.எஸ். திட்டத்தின் (பெரிய தொகையை வாங்கி ஒரு மேனேஜர் நம் பெயரில் பங்குகளில் போட்டு நிர்வகிப்பது) விளக்கப் புத்தகம் இருந்தது, அதைப் பேசத்தான் போனோம். அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "மாசச் செலவுக்கு இனிமே நான் யாரைம்மா கேக்கணும்?" மேடம் புத்தகத்தை வெளியே எடுக்கவே இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து டப்பாவில் இருந்ததை ஒவ்வொன்றாக எழுதினோம், 43 சர்ட்டிஃபிகேட். 2019 ஏப்ரலுக்குப் பிறகு காகித ஷேரை விற்றுக் கைமாற்ற முடியாது, ஆனால் வாரிசு பெயருக்கு மாற்றி டிமேட், அதாவது மின்னணுக் கணக்கு, ஆக்க வழி இருக்கிறது என்று மேடம் நிதானமாகச் சொன்னபோது அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இப்போது பிரச்சினை. போன திங்கள் டீம் ஹெட் எங்கள் நான்கு இன்டர்ன்களையும் கூப்பிட்டு, ஆளுக்கு 20 பேர் பெயரும் போன் நம்பரும் எழுதித் தரச் சொன்னார். சொந்தம், தெரிந்தவர், யாராக இருந்தாலும் சரி. அதில் ஒருவராவது பி.எம்.எஸ். கணக்கு தொடங்கினால் வேலை ஆஃபர் பற்றிப் பேசலாம் என்றார். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பி.எம்.எஸ்.ஸில் குறைந்தது 50 லட்சம் போட வேண்டும். எனக்குத் தெரிந்து அவ்வளவு பணம் உள்ளவர் அப்பாவின் ஓனர் ஒருவர்தான், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். போன வருடம் திருவொற்றியூரில் ஒரு மனையை விற்று 60 லட்சத்தை எஃப்.டி.யில் போட்டிருக்கிறார். நான் போய்ச் சொன்னால் ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பயமாக இருப்பதே அதுதான். எழுதலாமா? எழுதாவிட்டால் எனக்கு இந்த வேலையே இல்லையா?

பெரம்பூர் ஆர்.எம்.:

தங்கச்சி, நான் ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன். எழுதாதே.

பி.எம்.எஸ். நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஐந்து கோடி வைத்திருப்பவர் 50 லட்சத்தை அதில் போட்டால் பத்தில் ஒரு பங்கு போகிறது, சந்தை விழுந்தாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். 60 வைத்திருப்பவர் 50 போட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அதிலும் படகுக்காரர். அவருடைய தொழிலே நிச்சயமில்லாதது, வருடத்தில் இரண்டு மாதம் வருமானமே கிடையாது, எஞ்சின் உட்கார்ந்துவிட்டால் ஒரே வாரத்தில் லட்சக்கணக்கில் வேண்டும். அந்த வாரம் சந்தை 20 சதவீதம் கீழே கிடந்தால் நஷ்டத்துக்குத்தான் விற்று எடுக்க வேண்டியிருக்கும். யாருக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதை எங்கள் பேச்சில் சூட்டபிலிட்டி என்போம், உன் ஆர்.எம். அந்த டப்பாவைப் பார்த்ததும் புத்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டாரே, அதுதான் அது.

இன்னொரு விஷயம், உன் ஹெட்டிடம் தைரியமாகச் சொல்லலாம். ஒருவரிடம் போய் "இந்த ஃபண்டில் போடுங்கள்" என்று சொல்வதற்கே என்.ஐ.எஸ்.எம். 5ஏ என்ற மியூச்சுவல் ஃபண்ட் விற்பனையாளர் தேர்வு எழுதி, வங்கி ஊழியர் என்றால் ஈ.யு.ஐ.என். என்ற தனி அடையாள நம்பர் வாங்கியிருக்க வேண்டும். பி.எம்.எஸ். விற்பவருக்கும் தகுதிச் சான்று கட்டாயம். இன்டர்ன் உன்னிடம் எதுவும் இல்லை. "எனக்கு இன்னும் தகுதி இல்லை சார், அதனால் தெரிந்தவர்களிடம் பேசவில்லை" என்று சொல். அது சாக்கு இல்லை, நிஜம். அப்படியே அந்தத் தேர்வையும் எழுதிவிடு, 100 கேள்வி, இரண்டு மணி நேரம், 50 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். அடுத்த இன்டர்வியூவில் அந்தப் பட்டியலைவிட இது பேசும்.

டார்கெட் இல்லாத இடமே இல்லை, அதை மறைக்க மாட்டேன். மியூச்சுவல் ஃபண்டில் 2018 அக்டோபருக்குப் பிறகு டிரெயில் கமிஷன் மட்டும்தான், பணம் எத்தனை வருடம் உள்ளே இருக்கிறதோ அத்தனை வருடம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இன்ஷூரன்ஸில் முதல் வருடமே பெரிதாக வரும், அதனால் பிப்ரவரி, மார்ச் வந்தாலே எல்லா ஆர்.எம். கையிலும் பாலிசி பாரம் இருக்கும். ஒரு மார்ச்சில் நானும் 70 வயதுக்காரர் ஒருவருக்கு வருடா வருடம் பிரீமியம் கட்டும் பாலிசியைத் தலையில் கட்டினேன். அடுத்த வருடம் கட்ட முடியாமல் பாதிப் பணம் போனது. அவர் என்னைத் திட்டவில்லை, போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். இப்போதும் அந்தத் தெரு வழியாகப் போக மாட்டேன்.

வடசென்னையில் இருந்து வந்தவளுக்கு ஆள் தெரியாது என்று மட்டும் நினைக்காதே. என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரர்கள், சவுகார்பேட்டை மொத்த வியாபாரிகள், மாதவரம் லாரி ஓனர்கள். கடைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் கல்லாவைப் பார்த்துக்கொண்டே பேசுவதைப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆபீஸில் ரொம்பக் குறைவு.

வியாசர்பாடி ஜங்ஷன்:

அக்கா சொல்வது சரிதான், ஆனால் நம்ம பசங்களுக்கு இப்படி ஒரு கதவு திறப்பதே அபூர்வம். பெயரை மட்டும் எழுதிக் கொடுக்கட்டுமே. ஆர்.எம். போய்ப் பேசுவார், போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்தானே? பெரிய மனுஷர், வியாபாரம் பண்ணுகிறவர், ஏமாந்துவிடுவாரா என்ன. ஒரு ஆஃபருக்காக நான் ஒன்றரை வருடம் அலைந்தேன், அந்த வலியில் சொல்கிறேன்.

பழைய கேஷியர், ராயபுரம்:

தம்பி, உங்கள் வலி புரிகிறது. ஆனால் "முடிவு அவருடையது" என்பது இங்கே செல்லாது. அந்தப் பெண்ணே எழுதியிருக்கிறாள், ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று. அவர் கையெழுத்துப் போடப்போவது பாரத்தைப் பார்த்து இல்லை, அவள் முகத்தைப் பார்த்து.

பாரிமுனையில் ஒரு வங்கிக் கிளையில் 34 வருடம் கேஷ் கவுன்டரில் இருந்தேன். அந்த வட்டாரத்தில்தான் 1906 அக்டோபரில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. வெள்ளைக்காரக் கம்பெனி, பெரிய பெயர், அந்த நம்பிக்கையில் பென்ஷன்காரர்களும் வக்கீல்களும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தார்கள், லண்டன் கூட்டாளியின் சூதாட்ட முதலீட்டில் எல்லாம் போனது. முதலாளி ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் மேனேஜர் இந்தக் கதையை எங்களுக்குச் சொல்வார்.

கதை தெரிந்தும் நான் தப்பு செய்தேன் பாப்பா. தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் பெனிஃபிட் ஃபண்டுகள் (உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள்) ஒவ்வொன்றாகக் கவிழ்ந்த சமயம், அதற்கு ஒரு வருடம் முன்னால் பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்றுச் சேர்த்த 80,000 ரூபாயை எங்கே போடலாம் என்று கேட்டார். வட்டி கூட வருகிறதே என்று ஒரு ஃபண்டின் பெயரைச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு பைசா கமிஷன் இல்லை. ஃபண்ட் மூடிய அன்று அந்த அக்கா என் வீட்டு வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நீ பேங்க்ல இருக்கியேன்னுதானே கேட்டேன்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல மீன் கொடுத்துவிட்டுப் போனார். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்த பணம் அது, அவர் மகள் கல்யாணத்துக்கு நான் கடன் வாங்கிக் கொடுத்தேன், அப்படியும் அந்த வார்த்தை என் காதில் இருக்கிறது.

உன் பெரியப்பாவிடம் போ. விற்கப் போகாதே, கேட்கப் போ. எவ்வளவு பணம் எப்போது தேவைப்படும், ரசீது எங்கே, நாமினி யார். வங்கி கவிழ்ந்தால் இன்ஷூரன்ஸ் ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான், 2020 பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்தில் இருந்து அவ்வளவாக ஏற்றினார்கள். 60 லட்சமும் ஒரே இடத்திலா என்று பார். அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது என்றால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், ஐந்து வருடக் கணக்கு.

கடலோரக்காரி:

நாலு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவைப் பார்க்கப் போனேன். தடைக்காலம் முடியப் போகிறது, கரையில் ஏற்றியிருந்த படகுக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவர் பக்கத்தில் வலைக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தார். பெயின்ட் வாசனையில்தான் பேசினோம். எந்தத் திட்டத்தின் பெயரையும் எடுக்கவில்லை, ராயபுரம் ஐயா சொன்ன மூன்று கேள்வியைத்தான் கேட்டேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் மஞ்சப் பையை எடுத்துக் கொட்டினார். ஆறு ரசீது, ஆறும் ஒரே வங்கி, ஆறிலும் நாமினி அவர் தம்பி. அந்தச் சித்தப்பா பொங்கலுக்கு முன்னால் தவறிவிட்டார். எங்கள் வீட்டில் எல்லோரும் சாவுக்குப் போனோம், யாருக்கும் இந்த ரசீது ஞாபகம் வரவில்லை. செப்டம்பரில் எஞ்சின் மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை மனசில் வைத்திருக்கிறார், அதை அப்பாவிடம்கூடச் சொன்னதில்லையாம்.

ஹெட்டிடம் பட்டியல் தரவில்லை. பெரம்பூர் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன், குரல் கொஞ்சம் நடுங்கியது. "சரி, விடு" என்றார், முகம் மாறிவிட்டது, ஆஃபர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் என் ஆர்.எம். மேடம் லிஃப்ட் பக்கத்தில் நிறுத்தி, அந்த 43 சர்ட்டிஃபிகேட் வேலையை மதிப்பீட்டில் தானே எழுதுவதாகச் சொன்னார். பார்க்கலாம். தேர்வுக்கு ஜூலையில் தேதி எடுத்துவிட்டேன்.

வியாசர்பாடி அண்ணா, உங்கள் மேல் கோபமே இல்லை, முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் யோசித்தேன்.

அக்கா, ஒன்று மட்டும் கேட்கணும். 2025 நவம்பரில் இருந்து ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை போடலாம் என்கிறார்கள். பெரியம்மா, இரண்டு மகள்கள், அப்புறம் பேத்தி என்று நான்கு பேர் சொல்கிறார். பேத்திக்கு ஒன்பது வயது. போடலாமா?

பெரம்பூர் ஆர்.எம்.:

போடலாம். பேத்தி மைனர் என்பதால் அவள் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவர் பெயரையும் எழுத வேண்டும், அவள் அம்மா பெயரை எழுதச் சொல். நான்கு பெயருக்கும் நேராக ஆளுக்கு எத்தனை சதவீதம் என்று போடுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், சொத்து வாரிசுகளுக்கு என்பதையும் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடு. ஆறு ரசீதுக்கும் தனித்தனிப் பாரம் கேட்பார்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதே.