காரைக்கால் பதிவு டிசையர், தமிழ்நாட்டு வரி கட்டவில்லை. எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

மன்னை வடக்கு:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வாடகைக் காரில் போய் வருகிறோம், ஒரு நடைக்கு 1,800 ரூபாய். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் தாங்கவில்லை. பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கும்பகோணத்தில் பழைய கார் விற்கிற ஒரு கன்சல்டிங்கில் 2018 மாடல் டிசையர் டீசல் பார்த்தேன். பி.ஒய்.-02, அதாவது புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் பதிவு. 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடைக்காரர் 5,20,000 சொல்கிறார். இதே வருடம், இதே மாடல், தமிழ்நாட்டுப் பதிவில் திருச்சியில் 5,60,000 சொன்னார்கள். "நம்ம ஊரு வரி கட்டாத வண்டி சார், அதான் 40 குறைச்சுத் தர்றேன். ஒரு வருஷம் அப்படியே ஓட்டலாம், சட்டத்துலயே இடம் இருக்கு. அப்புறம் மெதுவா மாத்திக்கலாம்" என்கிறார். பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனியாம். ஆடிப்பெருக்குக்குள் எடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவாராம்.

பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் உள்ள ஓனர் கையெழுத்துப் போட்டுத் தயாராக இருக்கிறது. வாங்குபவர் பெயர் மட்டும் காலி.

பேரம் பேசி எனக்குப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. 40 ஆயிரம் என்பது நியாயமான குறைப்பா?

ஆறுபாதி:

நியாயமே இல்லை. வரி அதைவிடக் கூட வரும். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வரி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். ஆடியில் வண்டி எடுப்பவர்கள் குறைவு. பெருக்கு அன்றைக்குக் கொஞ்சம் நகரும், அது முடிந்தால் ஆவணி பிறக்கும்வரை கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். அவசரம் அவருக்கு, உங்களுக்கு இல்லை.

கொள்ளிடக்கரை:

தம்பி, அவசரப்பட்டு டோக்கன் (முன்பணம்) கொடுத்துவிடாதீர்கள். நான் சீர்காழியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவன். 2021இல் வீட்டு உபயோகத்துக்கு இதேபோல் ஒரு பி.ஒய்.-02 வண்டி வாங்கினேன். அதில் பட்டதைச் சொல்கிறேன்.

கடைக்காரர் என்னிடம் "வரி 20 ஆயிரம் வரும்" என்று துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார். நான் கொடுக்கிற விலையை வைத்து அவர் போட்ட கணக்கு அது. ஆபீஸில் அப்படிப் போடமாட்டார்கள். வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதுதான் அடிப்படை, வயதுக்கு ஏற்றபடி சதவீதம் மட்டும் இறங்கும். எனக்கு 38 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. 2023 நவம்பரில் வரியை வேறு ஏற்றிவிட்டார்கள். புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. உங்கள் டிசையர் புதிதில் 8 லட்சத்துக்கு மேல் இருந்திருக்கும். ஏழு வருட வண்டி என்று சதவீதம் இறங்கினாலும் 40 ஆயிரத்துக்குள் முடிய வாய்ப்பே இல்லை. பழைய இன்வாய்ஸ் நகலைக் கேட்டு வாங்கி, ஆபீஸில் காட்டி, தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

"ஒரு வருஷம் ஓட்டலாம்" என்கிற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவில் 12 மாதம் என்று இருப்பது உண்மை. ஆனால் அது பதிவெண்ணை மாற்றுவதற்கான கெடு. வரி மாநிலச் சட்டத்தில் வருகிறது, அது வேறு. நீங்கள் மன்னார்குடியில் குடியிருந்துகொண்டு, மன்னார்குடியிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, காரைக்கால் நம்பரில் ஓட்டினால் வழியில் நிறுத்திக் கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? பின்சீட்டில் டயாலிசிஸ் முடிந்து அம்மா படுத்திருக்கும்போது அந்த வாக்குவாதம் வேண்டுமா?

அடுத்தது அந்தக் கையெழுத்துப் போட்ட படிவங்கள். ஓப்பன் டெலிவரி என்பார்கள். நானும் அப்படித்தான் எடுத்தேன். வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவையான என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று) காரைக்கால் ஆபீஸில் மனு போடப் போனால் ஆர்.சி.யில் இருப்பவரின் செல்லுக்கு ஓ.டி.பி. வருகிறது. அவர் பிரான்ஸில் இருந்தார். காரைக்காலில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருப்பார்கள், அது அதிசயமில்லை. இந்திய நம்பரை எப்போதோ விட்டுவிட்டார். அவர் ஊர் வந்து, நம்பரைச் சரிசெய்து, என்.ஓ.சி. என் கைக்கு வர 11 மாதம் ஆயிற்று. நடுவில் வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் ஒரு டிராக்டர் டிப்பர் பின்னால் வந்து உரசி, டிக்கிக் கதவு உள்ளே போய்விட்டது. இன்சூரன்ஸ் அவர் பெயரில், ஆர்.சி.யும் அவர் பெயரில். என் கைக்காசு 23 ஆயிரம் போனது. அது வெறும் தகடு. ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? விபத்து நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் ஓனர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கேயோ இருக்கிற மனுஷனை நான் கோர்ட்டுக்கு இழுத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது.

அதனால் விலையைப் பேசுவதற்கு முன்பு "ஆர்.சி. ஓனரிடம் என்னைப் பேசவையுங்கள்" என்று கேளுங்கள். வீடியோ காலில் முகத்தைக் காட்டினாலும் போதும். தயங்கினார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜி.எஸ்.டி.யும் அவர் சொல்கிறமாதிரி இல்லை. பழைய கார் விற்கிற பதிவு பெற்ற கடைக்கு 18 சதவீதம் உண்டு, ஆனால் முழு விலைக்கு அல்ல. அவர் வாங்கிய விலைக்கும் உங்களுக்கு விற்கிற விலைக்கும் நடுவில் நிற்கிற லாபத்துக்கு மட்டும்தான். 30 ஆயிரம் லாபம் என்றால் 5,400. 5,20,000க்கு 18 சதவீதம் என்று 93 ஆயிரம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டிக் கடைக்காரர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், படிவம் 29பி. ஓனர் வண்டியைக் கடையில் விட்டதற்கு 29சி என்று தனிப் படிவம் இருக்கிறது. இரண்டையும் பார்க்கக் கேளுங்கள். கேட்கிற ஆள் விவரமானவர் என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

பட்டறைக்காரன்:

ஐயா சொன்னது எல்லாம் காகிதம். வண்டியையும் பாருங்க சார்.

கடற்கரை ஊர் வண்டி. டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் அங்கேதான் தின்னும். அப்புறம் கீழே படுத்து சைலன்சர் மாட்டியிருக்கும் இடம், சைடு மெம்பர் (அடிப்பக்க நீளச் சட்டம்).

2023 டிசம்பர் மழையில் சென்னையில் முங்கிய வண்டிகள் நிறைய இந்தப் பக்கம் வந்தன. காரைக்கால் வண்டிதான் என்றாலும் நடுவில் எங்கே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? முன் சீட் பெல்ட்டை மெதுவாகக் கடைசிவரை இழுங்கள். தினமும் இழுக்கிற பகுதியை வாட்டர் வாஷில் தேய்த்துவிடுவார்கள். உருளைக்குள் சுற்றிக் கிடக்கிற கடைசி ஒரு முழத்தை யாரும் தொடுவதில்லை. தண்ணீர் ஏறிய வண்டி என்றால் அந்த இடத்தில் காய்ந்த வண்டல் ஒரு கோடாக நிற்கும், நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். அதைப் பார்த்துவிட்டால் விலையே பேசாதீர்கள், திரும்பி வந்துவிடுங்கள்.

மன்னை வடக்கு:

எல்லோருக்கும் நன்றி. கொள்ளிடக்கரை ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் போனேன்.

இன்வாய்ஸ் நகல் வாங்கி ஆபீஸில் கேட்டேன். 84 ஆயிரத்தை ஒட்டி வரும் என்றார்கள். கடையில் அதைக் காட்டி, "திருச்சி வண்டி 5,60,000. இதில் வரி 84, மற்ற செலவு ஒரு 6. அப்படியென்றால் இது 4,70,000 வண்டிதானே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே இருந்தார். "இவ்வளவு கணக்குப் பார்த்தா வியாபாரம் பண்ண முடியாது சார்" என்றார். நான் பதில் சொல்லாமல் ஸ்டெப்னியைக் கழற்றச் சொன்னேன். குழியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. பெல்ட் இரண்டும் சுத்தம். 4,50,000 கேட்டு, டீ வந்து, கிளம்ப எழுந்து, கடைசியில் 4,62,000க்கு நின்றது. ஜி.எஸ்.டி. பில் அதற்குள்ளேயே. 29பி சான்றும் காட்டினார்.

ஆர்.சி. ஓனர் நெடுங்காட்டில்தான் இருக்கிறார், நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். கடன் எதுவும் பாக்கியில்லை. டோக்கன் 25,000 மட்டும் கொடுத்து, என்.ஓ.சி. கைக்கு வந்த பிறகுதான் மீதி என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதுவரை வண்டி கடையிலேயே நிற்கும். இன்னும் சில நடை வாடகைக் கார்தான், பரவாயில்லை. நேற்று டயாலிசிஸ் முடிந்து கும்பகோணம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தோம். கடையில் நிற்கிற நம் வண்டியின் பின்சீட்டில் அம்மா ஏறிச் சாய்ந்து பார்த்து, கால் வைக்க இடம் போதும் என்றார்.

கொள்ளிடக்கரை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. வண்டி கைக்கு வந்த 14 நாளைக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம்பர் மாறியதும் அதையும் பாலிசியில் திருத்தச் சொல்லுங்கள், பலர் அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள்.