மறு: 'இடம்பெயர்வு' வேண்டாம், 'தன்னிட மாற்றம்' எப்படி?

வணக்கம்.

இழையை முதல் மடலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மறுபடி நிறுவாமல் ஒரு லினக்ஸ் வழங்கலிலிருந்து (டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸை வைத்துக் கட்டிய முழு இயங்குதளம்) அதன் பங்காளி வழங்கலுக்கு மாறுவதை 'இடம்பெயர்வு' என்றே சொல்லிவிடலாம், மைக்ரேஷனுக்கு அதுதானே ஏற்கெனவே இருக்கிறது என்று சிலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இந்தச் செயலில் எது நடந்தாலும் இடம் மட்டும் பெயர்வதே இல்லை.

சென்ட்ஓஎஸ் 8 என்ற வழங்கலை எடுத்துக்கொள்வோம். 2029 வரை கவலையில்லை என்று நம்பி அதை நிறுவியவர்கள் ஏராளம். 2020 டிசம்பரில் திடீரென்று, 2021 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸும் ஜூனில் ராக்கி லினக்ஸும் வந்தன. சென்ட்ஓஎஸ் போலவே இவையும் அப்போது ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டன. ஒரே பாட்டன் சொத்து, தனித்தனிக் குடும்பம். பங்காளி என்று நான் சொல்வது அதனால்தான். ராக்கி, அல்மா இரண்டுமே மாறுவதற்கென்று, கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தன.

2022 பிப்ரவரியில் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வரை அப்படித்தான் மாற்றினேன். கொஞ்சம் தாமதித்துவிட்டோம், அதற்குள் சென்ட்ஓஎஸ் 8-இன் களஞ்சியங்களை (மென்பொருள் பொதிகளின் கிடங்குகளை) மிரர்களிலிருந்து, அதாவது நகல் சர்வர்களிலிருந்து, எடுத்துவிட்டார்கள், பொதிகளை நிறுவும் டிஎன்எஃப் கருவி எதைக் கேட்டாலும் மெட்டாடேட்டா (பொதிகளின் விவரப் பட்டியல்) கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. களஞ்சிய முகவரிகளை முதலில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வால்ட்டுக்குத் திருப்பி, எல்லாவற்றையும் புதுப்பித்து, முழு பேக்கப் எடுத்த பிறகுதான் அல்மாவின் ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது செய்தது என்ன? இது எந்த வழங்கல் என்று சொல்லும் சென்ட்ஓஎஸ்ஸின் ரிலீஸ் பொதியையும் களஞ்சியக் கோப்புகளையும் எடுத்தது, அல்மாவின் பொதியையும், பொதிகள் அசல்தானா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவியையும் வைத்தது, லோகோக்களை மாற்றியது, கடைசியில் டிஸ்ட்ரோ-சிங்க் என்ற கட்டளையை ஓட்டி மீதிப் பொதிகளைப் புதிய களஞ்சியத்தோடு ஒத்திசைத்தது. மறுதொடக்கம் செய்து பார்த்தால் தரவுத்தளம் அங்கேயே இருக்கிறது, பயனர் கணக்குகள் இருக்கின்றன, நேரம் குறித்துவைத்த கிரான் வேலைகள் நேரத்துக்கு ஓடுகின்றன. ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்தால் பெயர் மட்டும் அல்மாலினக்ஸ். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் புதிய கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) கீழே பழைய சென்ட்ஓஎஸ் கெர்னல் ஒரு வரியில் இன்னும் நின்றது, வீட்டை விற்ற பிறகும் பழைய உரிமையாளர் பெயருக்குக் கடிதம் வருவதைப் போல.

இதைப் போய் இடம்பெயர்வு என்றால், தரவையெல்லாம் மூட்டை கட்டி வேறொரு சர்வருக்குக் கொண்டுபோவதை என்னவென்று சொல்வது? அதற்குத்தான் அந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குழுவில் ஈழத்து நண்பர்கள் நிறைய. அவர்களுக்கு 'இடம்பெயர்வு' என்பது போரில் வீட்டை விட்டு, ஊரை விட்டுப் போனது. அந்தச் சொல்லைக் கணினியில் எங்குமே தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வீட்டிலேயே இருப்பதுதான் முழு நோக்கமும் என்கிற ஒரு வேலைக்கு அதை வைப்பது சரியே இல்லை.

இழையில் வந்த மற்றச் சொற்களுக்கு வருகிறேன். 'வழங்கல் தாவல்' அழகான சொல்தான், ஆனால் தாவல் என்பதை உலாவியில் டேபுக்குக் கொடுத்துவிட்டோம். தவிர, மாதம் ஒரு வழங்கலை நிறுவிப் பார்க்கிறவர்களின் பழக்கத்துக்கு அது பொருந்தும், இதற்கு அல்ல. 'கூடுபாய்தல்' திசை தவறு, அங்கே உயிர் அதேதான், உடல்தான் மாறுகிறது. 'பட்டா மாற்றம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதே மனை, அதே வீடு, பதிவேட்டில் மட்டும் வேறு பெயர். ஆனால் இங்கே பெயரோடு பொதிகளும் மாறுகின்றன, அப்புறம் யாழ்ப்பாணத்தில் காணிக்கு 'உறுதி' என்பார்கள், சொல் இரு கரைக்கும் போய்ச்சேராது.

என் பரிந்துரை 'தன்னிட மாற்றம்'. தன் இடத்தில் இருந்தபடியே மாறுவது. முழுதாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 'தன்னிட வழங்கல் மாற்றம்'. இதில் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிவது, முன்னொட்டு தனியாகவும் உழைக்கும் என்பது: அதே வழங்கலில் அடுத்த பெரும் பதிப்புக்கு ஏறினால் தன்னிட மேம்படுத்தல், கூடுதல் நினைவகம் கேட்காமல் ஓர் அணியை (அரேயை) அங்கேயே வரிசைப்படுத்தினால் தன்னிட வரிசையாக்கம். 2024 ஜூன் 30-ஓடு முடிந்த சென்ட்ஓஎஸ் 7-இலிருந்து எலிவேட் கருவியால் அல்மா 8-க்குப் போனவர்களுக்கு வழங்கல் மாற்றம், மேம்படுத்தல் இரண்டும் சேர்ந்தே நடந்தது, அதையும் இந்தச் சொற்களால் குழப்பமில்லாமல் சொல்லிவிட முடியும்.

நெருங்கிய உறவு என்ற பொருளையும் சொல்லுக்குள்ளேயே அடைக்க வேண்டும் என்ற கருத்தை ஏற்க மாட்டேன். ஃபெடோராவை இப்படி உபுண்டுவாக்க முடியாது, ஒன்று ஆர்பிஎம், மற்றது டெப், பொதி முறையே வேறு. டெபியனும் உபுண்டுவும் ஒரே டெப் என்றாலும் நூலகப் பதிப்புகள் முட்டிக்கொள்ளும், அங்கே நான் புதிதாக நிறுவத்தான் சொல்வேன். இதெல்லாம் எச்சரிக்கையில் எழுத வேண்டியவை, சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம்.

இடைமுகத்தில் போட்டுப் பார்த்தேன்: "தன்னிட மாற்றம் தொடங்குகிறது, மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்." "14 பொதிகள் இன்னும் பழைய வழங்கலின் கையொப்பத்தோடு உள்ளன." "தன்னிட மாற்றம் முடிந்தது, கணினியை மறுதொடக்கம் செய்யவும்." எனக்குத் தடையில்லாமல் வாசிக்க வருகிறது. வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதே வரிகளில் அதை வைத்து அனுப்புங்கள், பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்போம். வினையாக வரும்போது 'தன்னிடம் மாற்று' என்று எழுதினால் 'என்னிடம், தன்னிடம்' என்கிற பொருள் குறுக்கே வருகிறது, அதனால் 'தன்னிட மாற்றம் செய்' என்றே வைக்கலாமா, இல்லை இன்னும் சுருக்கமாக ஏதாவது தோன்றுகிறதா?